காலிக் கட்டம் வேண்டாம் என்ற மகளுக்கு

கயல்,

நீ கீழே கராஜில் உன் பைக்கை டிரக்கில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு பட்டையையும் இழுக்கிறாய், தட்டிப் பார்க்கிறாய், திருப்தி இல்லாமல் மறுபடியும் இழுக்கிறாய். விடிந்தால் டெக்சாஸிலுள்ள ஆஸ்டினுக்குக் கிளம்புகிறாய். புது வேலை, புது ஊர். நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்க மலருக்காகச் சித்ரா ஆன்ட்டி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "உங்க பொண்ணு ரெக்கார்ட் பண்ணிச்சில்ல, அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்ல ஃபோட்டோவா ஒண்ணு அனுப்புங்க, ஹெல்மெட் இல்லாம" என்றார். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசி எனக்கு நிறையப் பழக்கம் உண்டு. அது உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இந்தக் கோடையில்தான் பார்த்தேன். ஆகவே உன்னிடமே பேசுகிறேன். விருப்பமுள்ளவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும். உனக்குத் தெரிந்ததையும் இடையிடையே விளக்குவேன். அது அவர்களுக்காக, பொறுத்துக்கொள்.

உன் பைக்கைப் பார்க்காதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். அது ஃப்ரீவேயில் சீறிப் போகிற வகை இல்லை. மலைப் பாதையிலும் மண்ணிலும் ஓடுவதற்கென்று செய்த வண்டி. உயரமாக, ஒல்லியாக, வெட்டுக்கிளி மாதிரி நிற்கும். ஏறி உட்கார்ந்தால் உன் கால் விரல்தான் தரையைத் தொடும். லிவர்மோருக்கு அப்பாலுள்ள குன்றுகளில் அதை ஓட்டிவிட்டு, சாக்ஸ் வரைக்கும் மண்ணோடு வீட்டு வாசலில் வந்து நிற்பாய். குளிர்காலத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது, "ம்மா, நான் லேண்ட் ஸ்பீட் ரேஸ்ல என்டர் பண்ணப் போறேன்" என்றாய்.

"யாரோட ரேஸு?" என்று அப்பா கேட்டார்.

"யாரோடயும் இல்லப்பா. தனியாத்தான் ஓட்டணும். காஞ்சு போன ஏரி, நேர் கோடு. கடைசில எவ்ளோ ஸ்பீடுன்னு மெஷர் பண்ணுவாங்க."

"அப்ப யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரெக்கார்ட் இருக்கு. அதத் தாண்டணும். எந்த கிளாஸ்ல என்டர் பண்றோம்கறதுதான் பாதி வேலை."

இந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. பைக் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு எந்தப் பிரிவு சரிவரும் என்று பார்ப்பது நம் வீட்டில் என் இலாகா. பள்ளியில் எந்தக் கணக்கு, கோடையில் எந்த முகாம், எந்த வாத்தியத்துக்குப் போட்டி குறைவு என்று எல்லாவற்றையும் நான்தான் உட்கார்ந்து படித்து முடிவு செய்தேன். "அந்த ரூல் புக்க எனக்கு அனுப்பு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே அனுப்பினாய். நான் அதை அச்செடுத்து, மஞ்சள் பேனாவும் பச்சைப் பேனாவும் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. விதிகள் அடங்கிய புத்தகம் கையில் கிடைத்தால் எனக்குப் பசி எடுக்காது. ஹெல்மெட்டின் பட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்து, சக்கரத்தின் காற்றடைப்பு வாய்க்கு உலோக மூடி வேண்டும் என்பது வரைக்கும் படித்தேன். உண்மையாகவே சொல்கிறேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். முதலில் இன்ஜினின் அளவைப் பார்ப்பார்கள், உன்னுடையது இருநூற்றைம்பது சிசி. அடுத்து, வண்டியை எவ்வளவு மாற்றியிருக்கிறாய் என்று பார்ப்பார்கள். கடையில் வாங்கியபடியே ஓட்டினால் ஒரு பிரிவு. ஆனால் அதே அளவில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சாலை வண்டிகளும் அங்கே வரும். உன் வெட்டுக்கிளி அவற்றின் ரெக்கார்டைக் கனவில்கூடத் தாண்டாது. அதை விட்டால், காற்றைத் தடுக்கும் முன்மூடி இல்லாமல், கைப்பிடியையும் சீட்டையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ள விடுகிற பிரிவு. அங்கே இருந்த ரெக்கார்ட் உன்னால் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது. ஆனால் எட்டினால்தான் உண்டு. நெவாடாவைச் சேர்ந்த டோனா என்ற பெண்மணி பல வருடங்களாக அதை விடாமல் வைத்திருந்தார். மூன்றாவதாக, அந்தப் பட்டியலின் கீழே ஒரு மூலையில் நான் கண்டது: அதே வண்டி, அதே மாற்றங்கள், பெட்ரோலுக்குப் பதில் வேறு எரிபொருள். அந்தப் பிரிவுக்கு நேரே இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது. பெயர் இல்லை, வேகம் இல்லை. இதுவரை யாரும் அதில் ஓட்டவில்லை. அதில் நீ சைக்கிள் வேகத்தில் போய் முடித்தாலும் ரெக்கார்ட் உன்னுடையது!

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்து, "அட, சீட்டு காலியாவே கெடக்குது!" என்றார். அடுத்து நாங்கள் செய்ததை நம்மைப் போன்ற குடும்பங்கள் மட்டும்தான் செய்யும். நீ வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே அது சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. "எங்கள் கயல் மோட்டார் சைக்கிள் வேகப் போட்டியில் கலந்துகொள்கிறாள். ரெக்கார்ட் உறுதி." உறுதி என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பெரியப்பா உடனே அழைத்தார். "ரெக்கார்டா? ஆல் அமெரிக்காவா, கலிபோர்னியா மட்டுமா?" என்று கேட்டார். சித்ரா ஆன்ட்டி அட்வான்ஸ் வாழ்த்து என்று பூங்கொத்துப் படம் அனுப்பினார். நீ வீட்டுக்குள் நுழைந்தபோது உன் ஃபோன் நிறைய வாழ்த்துகள் இருந்தன.

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ ஷூவைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாய்.

"ம்மா, ஒண்ணு ஞாபகம் இருக்கா? சங்கத்துல பேச்சுப் போட்டி. பெரிய பசங்க பிரிவுல என்ன சேத்து விட்ட."

"ஆமா, நீதான ஃபர்ஸ்ட்டு வந்த."

"நான் ஒருத்திதான் இருந்தேன்! ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்தாங்க. அப்புறம் அந்த அங்கிள் மைக்ல, செகண்ட் பிரைஸ் வீணாப் போயிடும், அதையும் நீயே எடுத்துக்கோ பாப்பான்னு குடுத்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ரெண்டு கப்பையும் தூக்கிட்டு நடந்து வந்தேன்."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் விடவில்லை. "இது அது மாதிரி இல்ல கண்ணு. ரூல் புக்லயே இருக்குது. அவங்களே வெச்சிருக்கற கிளாஸ்தான்" என்றேன்.

"தப்புன்னு சொல்லலம்மா. அந்த கிளாஸ்ல ஓட்டறவங்க நிஜமா ஓட்டட்டும். எனக்கு டோனாவோட ரெக்கார்ட் வேணும். அவங்களும் மண்ணுல ஓட்டற பைக்கத்தான் வெட்டி வெச்சிருக்காங்க. அவங்க எப்படி அவ்ளோ வேகம் போனாங்கன்னு நான் ரெண்டு வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன்."

"ரெண்டுலயும் ஓட்டேன்."

"ஒரு வாரக் கடைசி, ஒரு பைக், ஒரு என்ட்ரிம்மா. அப்புறம் நான் டெக்சாஸ் போயிடுவேன். மறுபடி எப்ப லீவு கிடைக்கும்னு தெரியாது. தோத்துட்டுப் போனாலும் அவங்க ரெக்கார்டுக்குத்தான் தோக்கணும்."

நீ டோனாவின் பிரிவில் பெயரைக் கொடுத்துவிட்டாய். அதன்பிறகு வசந்தகாலம் முழுவதும் கராஜில் வேலை செய்தாய். மொட்டு மொட்டான மண் டயர்களை எடுத்துவிட்டு, வேகத்துக்கு அங்கீகாரம் பெற்ற வழவழப்பான டயர்களைப் போட்டாய். முன்விளக்கைக் கழற்றினாய். கைப்பிடியைத் தாழ்த்திக் குறுக்கினாய். பின்னால் சிறிய பல்சக்கரம் மாட்டினாய். எடுக்கும்போது மெதுவாக எடுக்கும், பிடித்துக்கொண்டால் நீளமாக ஓடும் என்று எனக்கு விளக்கினாய். வண்டி பேஸ்பால் பயிற்சிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையனைவிட உயரமாக இருந்தது முன்பு; இப்போது அவன் தோளளவுக்கு இறங்கிவிட்டது. நான் ஒவ்வொரு மாற்றத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு டிக் அடித்தேன். ஆனாலும் எங்களுக்குப் பயம் போகவில்லை. குழுவில் சொல்லியாகிவிட்டதே. கிளம்புகிற அன்று அப்பா காரின் பின்னால் ஒரு சிவப்பு கேனை வைத்தார். அந்த இன்னொரு எரிபொருள். "சும்மா இருக்கட்டும்" என்றார். நீ பார்த்தாய். பட்டையை இன்னொரு முறை இழுத்துக் கட்டினாய்.

அந்த ஏரியை நான் எப்படி எழுதுவது? தண்ணீர் என்ற ஒன்று அங்கே எப்போதாவது இருந்தது என்று நம்ப முடியவில்லை. பழுப்பாக, தட்டையாக, கண் போகிற வரைக்கும் வெடித்த களிமண். மரமில்லை, நிழலில்லை, தூரத்து மலைகள் காற்றில் மிதந்தன. விதவிதமான வண்டிகள், படுத்துக்கொண்டு ஓட்டுகிறவை, மீன் மாதிரி மூடியவை. நம் முறை வந்ததும் பரிசோதகர் குனிந்து குனிந்து பார்த்தார். இன்ஜின் பக்கத்தில் வெள்ளையாகக் கோடு கோடாக ஏதோ இருந்ததைக் கண்டு, விரலால் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். எங்கோ கசிந்து காய்ந்திருக்கிறது, இப்படி அனுமதிக்க முடியாது என்றார். அப்பா முன்னால் ஓடி, சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "லீக் இல்ல சார், விபூதி. கடவுள்" என்றார். பரிசோதகர் தன் விரலில் ஒட்டியதைப் பார்த்தார். "கடவுளை ஹெல்மெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜினைச் சுத்தமாக விடுங்கள்" என்று கையெழுத்துப் போட்டார்.

டோனா அவராகவே வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வெயிலில் சுருங்கிய முகம், பெரிய குரல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "நீதானா என் ரெக்கார்டுக்கு வந்திருக்கறவ? இறக்கியும் இவ்வளவு உயரமா? எதுக்கு, ஆப்பிள் பறிக்கவா?" நீ, "உங்க ரெக்கார்டப் பறிக்க" என்றாய். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். உன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, உன்னிடம் கேள்விகள் கேட்டார். நீயும் கேட்டாய். நானும் அப்பாவும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் மகள் ஒரு எதிராளியோடு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாளே என்று வேடிக்கை பார்த்தோம்.

சனிக்கிழமை காலை டோனா முதலில் ஓட்டினார். அவருடைய பழைய வேகத்தை அவராலேயே எட்ட முடியவில்லை. பிறகு நீ போனாய். எனக்குத் தெரிந்தது புழுதி வால் மட்டும்தான். ஒலிபெருக்கியில் எண்ணைச் சொன்னார்கள். டோனாவின் ரெக்கார்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைவு. நீ திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாய். முகத்தில் மண்ணும் வியர்வையும். "கடைசிக்கு முன்னாடி மண்ணு லூஸா இருக்கு. பின் வீல் சுத்துது. பயந்து த்ராட்டில விட்டுட்டேன்" என்றாய். த்ராட்டில் என்றால் வேகத்தைக் கூட்ட முறுக்குகிற கைப்பிடி.

அப்போதுதான் ஒரு அதிகாரி வரிசையில் நடந்து வந்தார். பிரிவு மாற்ற விரும்புகிறவர்கள் மதிய உணவுக்கு முன் சொல்லிவிடலாம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். பெட்ரோல் தொட்டிக்கு அவர்கள் வைத்த முத்திரையை உடைத்து, அந்தச் சிவப்புக் கேனை ஊற்றி, நிதானமாக ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை ஓட்டினால் காலிக் கட்டம் உன்னுடையது. அவ்வளவுதான் வேலை.

"சாமி, ஒரு வார்த்தை சொல்லு, ஊத்திடலாம்" என்று அப்பா உன்னிடம் கேட்டார்.

நீ உடனே மறுத்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். நீ மறுக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உனக்காக வேணா பண்றேன்மா. குரூப்ல சொல்லிட்டல்ல" என்றாய்.

கயல், அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். குறுகிய கைப்பிடியும் சின்னப் பல்சக்கரமுமாக நீ மாதக்கணக்கில் உருவாக்கிய ஒன்றை, நான் மதியத்துக்குள் வீணாக்கிவிட இருந்தேன். மைக்கில் ஒரு அங்கிள் சிரிக்க, கையில் இரண்டு கோப்பையோடு நடந்து வருகிற பெண்ணை, நான் மறுபடியும் அந்த மேடையில் ஏற்ற இருந்தேன். "வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்த கேன எடுத்துப் பின்னால வைங்க" என்று அப்பாவிடம் சொன்னேன். காரின் கதவு விளிம்பில் ஏறி நின்று, ஃபோனை உயர்த்தி, ஒரு கோடு சிக்னல் கிடைத்ததும் குழுவில் எழுதினேன். "நான் முன்பு உறுதி என்று எழுதியது தவறு. கயலின் பிரிவில் டோனா என்ற பெண்மணியின் ரெக்கார்ட் இருக்கிறது. மிக நல்ல ரெக்கார்ட். காலையில் கயலால் அதைத் தாண்ட முடியவில்லை. மதியம் மறுபடியும் முயல்கிறாள்." அனுப்பிவிட்டுக் கீழே குதித்தேன். முழங்காலில் அடிபட்டது, எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

மனத்திலிருந்து பாரம் இறங்கியதும் கண் நன்றாகத் தெரிகிறது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மதியம் வரைக்கும் நான் அப்பாவின் பைனாக்குலரை வாங்கி, ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் புழுதியையும் பார்த்தேன். நடுவில் போனவர்களின் வால் கனமாக, மஞ்சளாக எழுந்தது. இடது ஓரமாகப் போன சிலருக்கு மெல்லிய வெள்ளை வால்தான். நடுவில் பெரிய வண்டிகள் போய்ப் போய் மேல்தோல் உடைந்திருக்கிறது. ஓரத்தில் இன்னும் உடையவில்லை. உன்னிடம் ஓடி வந்து சொன்னேன்.

"இங்கயும் டெஸ்டிங் ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றாய். பிறகு பைனாக்குலரை வாங்கி, வரிசையாக நான்கைந்து வண்டிகளைப் பார்த்தாய். மெதுவாகத் திரும்பினாய். "ம்மா, யூ ஆர் ரைட்." உன் வாயிலிருந்து இதைக் கேட்க எவ்வளவு வருடம் ஆயிற்று!

"அங்கயும் வீல் சுத்துச்சுன்னா?" என்று அப்பா கேட்டார்.

"சுத்தட்டும்பா. லிவர்மோர்ல தினமும் சுத்தினதுதான. இந்த வாட்டி விட மாட்டேன்."

மதியம் நீ இடது ஓரத்தில் போனாய். வெள்ளை வால், மெல்லியது, நேரானது. ஒரு இடத்தில் அது பாம்பு மாதிரி நெளிந்தது. ஆனால் இன்ஜினின் சத்தம் இறங்கவில்லை. நெளிந்தபடியே நீ த்ராட்டிலைப் பிடித்திருந்தாய். மண்ணில் விழுந்து எழுந்து கற்ற வித்தை அது. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு வராது. எண்ணைச் சொன்னார்கள். டோனாவை ஒரு மைல் தாண்டியிருந்தாய். அப்பா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. வண்டியை இரவு முழுவதும் அவர்கள் காவலில் வைத்து, மறுநாள் காலை மறுபடி ஓட்டச் சொல்லி, இரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். ஞாயிறு காலை எதிர்க்காற்று. டோனா தன் வண்டியை விட்டுவிட்டு எங்களோடு வந்து நின்றார். "இந்தக் காற்றில் நான் ஓட்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் ரெக்கார்ட் போய்விடுமோ என்ற பயத்தில் அவரும், அது உனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கினோம். நீ தாடையைப் பெட்ரோல் தொட்டிமேல் வைத்துப் படுத்துக்கொண்டு போனாய். தூரத்தில் வண்டிக்கு மேல் ஆளே தெரியவில்லை. எண் வந்தது. நேற்றைவிடக் குறைவு. நான் மனத்தில் கூட்டி இரண்டால் வகுப்பதற்குள் டோனா வகுத்துவிட்டார். "போச்சு" என்றார். யாருடையது போச்சு என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் என் கையை உயரத் தூக்கினார். அரை மைலுக்கும் குறைவான வித்தியாசம். உன்னுடையதுதான் மேலே!

இன்ஜினைத் திறந்து அளந்தார்கள், சரியென்று கையெழுத்திட்டார்கள். நீ ஓடி வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாய். நீ அழுதாய், தோற்றபோது அழாதவள். "தாண்டிட்டேன்மா. அவங்களத் தாண்டிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். ரெக்கார்ட் வாங்கிவிட்டேன் என்று ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

நாளை நீ போகிற ஊரில் உனக்கு எங்களைத் தவிர எல்லாம் கிடைக்கும். அங்கே உன் ஆபீஸில் எந்தக் குழுவில் சேரலாம் என்று நேற்று என்னிடம் கேட்டாய். பழைய அம்மாவாக இருந்தால், யார் குறைவாக இருக்கிறார்களோ அங்கே சேர், சீக்கிரம் மேலே வரலாம் என்றிருப்பேன். இப்போது சொல்கிறேன்: உன்னைவிடக் கெட்டிக்காரி எந்தக் குழுவில் இருக்கிறாளோ, அங்கே போய் அவள் பக்கத்து மேஜையைக் கேள். அவளைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. தோற்றால் எனக்கு ஃபோன் பண்ணு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஜெயித்தாலும் பண்ணு, சொல்லலாமா என்று உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்று கிளம்பும்போது டோனா உன்னைத் தேடி வந்ததை அப்பா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் வாழ்த்துச் சொல்லி அதிக நேரம் நிற்கவில்லை. உன் பின் பல்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, பற்களை விரலால் எண்ணினார். எழுந்து, "அடுத்த கோடையில் இதை நான் திருப்பி எடுத்துக்கொள்வேன்" என்றார். நீ, "வாங்க. நான் டெக்சாஸ்லேர்ந்து வர்றேன்" என்றாய். இரண்டு பேரும் கைகுலுக்கினீர்கள்.

டோனாவின் பெயர் இருந்த கட்டத்தில் இப்போது உன் பெயர் இருக்கிறது. அதைப் பறிப்பதற்காக நெவாடாவில் ஒரு கொட்டகையில் ஒருத்தி இந்நேரம் ஸ்பேனரும் கையுமாக வேலை செய்துகொண்டிருக்கிறாள். இதைவிட நல்ல வாழ்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கயல். போய் வா.

அம்மா